ஃபோர்குளோஷர்: ஈடு மூழ்குதல்

வீட்டுக்கடனைத் தவணைக்காலம் முடியுமுன் மொத்தமாகக் கட்டித் தீர்ப்பதை நம் ஊர் வங்கிகள் ஃபோர்குளோஷர் என்கின்றன. அந்தப் பழக்கத்தில், அமெரிக்க வங்கியின் அறிக்கையில் இதே சொல்லைக் காணும் தமிழர், கடன் அடைபட்டுவிட்டது என்று எடுத்துக்கொள்கிறார். அங்கே பொருள் நேர்மாறானது. கடன் அடைபடாததால் வீடு கைவிட்டுப் போகிறது.

சொல்லின் வேர் பழைய பிரெஞ்சு மொழியின் ஃபோர்க்ளோர். 'வெளியே' என்னும் பொருளுடைய முன்னொட்டும் 'சாத்து' என்னும் வினையும் சேர்ந்தது அது. ஆளை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்துவது. இங்கிலாந்தின் சான்சரி நீதிமன்றம், கெடு தவறிய பிறகும் கடனாளி பணத்தைக் கட்டி நிலத்தை மீட்டுக்கொள்ளலாம் என்று இடம் கொடுத்தது. அந்த மீட்புரிமை முடிவில்லாமல் நீண்டால் கடன் கொடுத்தவர் நிலத்தை என்றைக்கும் தமதாக்கிக்கொள்ள முடியாது என்பதால், ஒரு நாளைக் குறித்து, அதற்கு மேல் மீட்க வழியில்லை என்று அதே நீதிமன்றம் இட்ட ஆணைக்கே இப்பெயர் வந்தது. ஆகவே அடைபடுவது கடன் அன்று, மீட்கும் வழி. முன்னொட்டை 'முன்பே' என்று கொண்டு 'முன்னடைப்பு' எனப் பெயர்ப்பது பிழை.

தமிழில் இதற்குப் புதுச்சொல் ஆக்க வேண்டியதில்லை. அடகுக்கடையில் வட்டியும் கட்டாமல் கெடுவும் கடந்துவிட்ட நகையை 'மூழ்கிப்போயிற்று' என்கிறோமே, அதுவே இது. ஃபோர்குளோஷரை 'ஈடு மூழ்குதல்' என்றும், அப்படி வங்கியின் கைக்கு வந்து விற்பனைக்குக் காத்திருக்கும் வீட்டையும் மனையையும் 'மூழ்கிய ஈட்டுச் சொத்து' என்றும் சொல்லலாம். அமெரிக்க வங்கிகள் வைத்திருக்கும் பெயர் 'அதர் ரியல் எஸ்டேட் ஓன்டு', அதாவது 'உடைமையான பிற அசையாச் சொத்து'. பிற என்பது வங்கி தன் அலுவலகத்துக்காக வைத்திருக்கும் கட்டடம் நீங்கலானவற்றைக் குறிக்கிறது. சொத்து எப்படி வந்தது என்பதை அப்பெயர் சொல்வதே இல்லை. இந்திய வங்கிக் கணக்கில் சுருக்கமாக 'வங்கிசாராச் சொத்து' என்று வழங்குவதிலும் இதே குறை உண்டு.

அமெரிக்க வங்கிக் கணக்கில் மூழ்கிய நாள் ஒரு கோடு போல நிற்கிறது: அதுவரை வந்தது கடனின் இழப்பு, அதன்பின் வருவது சொத்தின் இழப்பு. 2,00,000 டாலர் கடன் நிலுவையுள்ள ஒரு வீடு மூழ்கும் நாளில் அதன் நியாய மதிப்பு, அதாவது சந்தையில் விற்றால் கிடைக்கக்கூடிய விலை, 1,60,000 டாலர், விற்கும் செலவு 10,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். வீடு 1,50,000 டாலருக்கே ஏட்டில் ஏறும். எஞ்சிய 50,000 டாலர் கடன் இழப்பு. அது, கடன் இழப்புக்கென வங்கி முன்பே எடுத்துவைத்த ஒதுக்கீட்டில் கழியும், சொத்து விற்ற நட்டத்தில் சேராது. பிறகு சந்தை இறங்கி நிகர மதிப்பு 1,40,000 ஆனால், அந்த 10,000 டாலர் சரிவு சொத்தின் மேல் வந்த இழப்பு. கடைசியில் செலவு போக 1,45,000 டாலருக்கு விற்றால் 5,000 டாலர் இலாபம்.

அமெரிக்க வங்கிகள் ஒழுங்காற்று அமைப்புகளுக்குக் காலாண்டுதோறும் அளிக்கும் கால் ரிப்போர்ட் என்னும் அறிக்கையில், வருமானப் பட்டியின் 5-ஜே வரிசை, இச்சொத்துகளை விற்றதன் நிகர இலாபநட்டத்துக்கு உரியது. பெயரில் விற்பனை மட்டுமே இருந்தாலும், மூழ்கியபின் ஏற்பட்ட மதிப்புக் குறைப்பும் இங்கேயே வரும். ஆகவே இந்த வீட்டின் சரிவும் விற்பனையும் ஒரே ஆண்டில் நடந்திருந்தால், ஆண்டு முடிவில் அவ்வரிசையில் நிற்பது 5,000 டாலர் நட்டம் மட்டுமே. வங்கி உண்மையில் இழந்ததோ 55,000 டாலர். சொத்து விற்காமல் கிடந்த காலத்தில் அதைப் பராமரித்த செலவும், வாடகை கிடைத்திருந்தால் அந்த வரவும் இவ்வரிசையில் சேராமல், வட்டி சாராத பிற செலவு, பிற வருமானம் என்னும் தலைப்புகளுக்குப் போய்விடும்.