தினமும் அணைத்தாலும் ரீஸ்டார்ட் கேட்பது ஏன்?

காரைக்குடி வாசகர் ஒருவரின் கேள்வி: "கடை கம்ப்யூட்டரில் புது சாஃப்ட்வேர் போடப் போனால், 'ரீஸ்டார்ட் பாக்கி இருக்கிறது' என்று சொல்லி நின்றுவிடுகிறது. தினமும் ராத்திரி ஷட் டவுன் செய்துவிட்டுத்தானே கடையைப் பூட்டுகிறேன்?"

விண்டோஸில் ஓடிக்கொண்டிருக்கும் நிரலின் கோப்பை அழிக்கவோ அதன்மேல் எழுதவோ முடியாது. நிரல்கள் பகிர்ந்து பயன்படுத்தும் டிஎல்எல் கோப்புகளும் அப்படித்தான், நினைவகத்தோடு பிணைந்திருக்கும். கோப்பில் வேண்டிய பகுதிகள் அவ்வப்போது டிஸ்கிலிருந்து வரும். நடுவில் கோப்பு மாறினால் பாதி பழையது, பாதி புதியது என்று நிரல் கவிழ்ந்துவிடும். பந்தியில் ஆள் உட்கார்ந்திருக்கும்போது அடியிலுள்ள ஆத்தங்குடிக் கல்லைப் பெயர்க்க முடியுமா?

அதனால் இன்ஸ்டாலர் புதுக் கோப்பைத் தற்காலிகப் பெயரில் பக்கத்தில் வைத்துவிட்டு, விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியில் 'செஷன் மேனேஜர்' பகுதியில் 'பெண்டிங் ஃபைல் ரீநேம் ஆபரேஷன்ஸ்' என்ற பட்டியலில் குறித்துவைக்கிறது. ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு வரி. முதல் வரி எந்தக் கோப்பு, இரண்டாவது எங்கே போகவேண்டும். இரண்டாவது வரி காலியாக இருந்தால் அந்தக் கோப்பை அழி என்று பொருள். எவ்வளவு எளிமை, பாருங்கள்! கணினி எழும்போது, விண்டோஸின் மையப்பகுதியான கெர்னலுக்கு அடுத்து முதலில் ஓடும் நிரல் எஸ்எம்எஸ்எஸ், அதாவது அந்த செஷன் மேனேஜர். லாகின் திரை வரவில்லை, சர்வீஸ்கள் எழவில்லை, நினைவகத்துக்குத் துணையாக டிஸ்கில் இருக்கும் பேஜ் ஃபைல்கூடத் திறக்கவில்லை. பெரும்பாலான கோப்புகள் யார் கையிலும் சிக்காத அந்தச் சில நொடியில் பட்டியலை வரிசையாகச் செய்து முடிக்கிறது.

இந்தப் பட்டியலில் வேலை பாக்கி இருப்பதைப் பார்த்துத்தான் புது இன்ஸ்டாலர் நின்றுவிடுகிறது. ராத்திரி அணைத்தும் அந்த வேலை ஏன் நடக்கவில்லை? விண்டோஸ் 8 முதல் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' வந்துவிட்டது. அது இயங்கும் கணினியில் ஷட் டவுன் கொடுத்தால் கெர்னல் டிஸ்கில் அப்படியே உறங்கப்போகும். காலையில் விட்ட இடத்திலிருந்து எழும். எஸ்எம்எஸ்எஸ் புதிதாகத் தொடங்குவதே இல்லை. ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் முழுத் தொடக்கம். ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு ஷட் டவுன் கொடுத்தாலும் முழுதாக அணையும். இதற்குக் கம்ப்யூட்டருக்கு நேரம் சரியில்லை என்று எலுமிச்சம்பழம் வைப்பதும், உடனே ஃபார்மேட் அடிப்பதும் வீண் வேலை.

நிறுவல் செய்பவர்கள் பலர் குழம்பும் இன்னொரு இடம், 3010 என்ற எண். எம்எஸ்ஐ (விண்டோஸின் நிறுவல் கோப்பு வகை) நிறுவல் அதைத் திருப்பித் தந்தால் தோல்வி இல்லை. வேலை முடிந்தது, ரீஸ்டார்ட் மட்டும் பாக்கி. 1641 என்றால் ரீஸ்டார்ட்டை இன்ஸ்டாலரே தொடங்கிவிட்டது.

சிலர் அந்த ரெஜிஸ்ட்ரி பட்டியலையே அழித்துவிட்டு நிறுவலைத் தொடர்கிறார்கள். தடை நீங்கும்; ஆனால் முந்தைய நிறுவலின் சில கோப்புகள் பழையதாகவே நின்றுவிடும், பிறகு காரணம் தெரியாத பிழைகள் வரும். ரீஸ்டார்ட் செய்தும் பட்டியல் மறுபடி நிரம்பினால் முதல் வரியிலுள்ள கோப்புப் பாதையைப் படியுங்கள். அது எந்த மென்பொருளின் ஃபோல்டர் என்று பார்த்து, அதைப் புதுப்பியுங்கள் அல்லது நீக்குங்கள். இன்னொரு முறை ரீஸ்டார்ட் செய்து, பட்டியல் காலியாக இருப்பதைப் பார்த்தபின் புது நிறுவலைத் தொடங்குங்கள்.