பழைய லென்ஸில் எந்தக் குறை படத்தைக் கெடுக்கும்?

பழைய லென்ஸ் வாங்குபவர்கள் முதலில் தேடுவது முன் கண்ணாடியில் கீறல் இருக்கிறதா என்பதைத்தான். உண்மையில் படத்தை அதிகம் கெடுப்பது கடை வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாத மெல்லிய மூட்டம். இதை ஹேஸ் என்பார்கள்.

காட்சியின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் வரும் ஒளி முன் கண்ணாடியில் அகலப் பரவி நுழைகிறது. 40 மி.மீ. விட்டமுள்ள கண்ணாடியின் பரப்பு சுமார் 1,250 சதுர மி.மீ. 10 மி.மீ. நீளமும் 0.1 மி.மீ. அகலமும் கொண்ட கீறல் அதில் மறைப்பது வெறும் 1 சதுர மி.மீ. அது ஃபோகஸில் இல்லாததால் அதன் உருவமும் சென்சாரில் விழாது. ஆழமான சில்லு பெயர்ந்திருந்தால், எதிர்வெயிலில் அது ஒளியைச் சிதறடிக்கும். பளபளப்பில்லாத கறுப்பு மையால் அந்தப் பள்ளத்தை மட்டும் நிரப்பினால் போதும். பின் கண்ணாடியில் இவ்வளவு சலுகை கிடையாது. அங்கே ஒளிக்கற்றை குறுகிவிடுவதால் அழுக்கும் கீறலும் நிழலாக விழலாம். அப்பர்ச்சரை, அதாவது ஒளி நுழையும் துளையை, எஃப் 16 அளவுக்குச் சுருக்கி வெள்ளைச் சுவரைப் படமெடுத்தால் தெரிந்துவிடும்.

ஹேஸ் கண்ணாடிப் பரப்பு முழுவதிலும் ஒளியைச் சிதறடிக்கிறது. கறுப்பு சாம்பலாகிறது, நிறங்கள் வெளிறுகின்றன. சோதிக்க, அப்பர்ச்சரை முழுவதும் திறந்து, இருட்டான இடத்தில் பின்பக்கமிருந்து செல்போன் டார்ச்சைச் சாய்வாக அடித்து முன்பக்கமிருந்து பாருங்கள். சீரான வெண்மை தெரிந்தால் ஹேஸ். சிலந்தி வலைபோலக் கிளைத்திருந்தால் பூஞ்சை. விளிம்பில் வானவில் நிறத் திட்டு இருந்தால், இரண்டு கண்ணாடிகளை ஒட்டிய பசை விட்டிருக்கிறது. அந்த லென்ஸை வாங்க வேண்டாம்.

ஹேஸுக்குப் பெரும்பாலும் காரணம் கிரீஸ்தான். ஃபோகஸ் வளையத்தின் மரையிலுள்ள கிரீஸ் சூட்டில் பிரிந்து, எண்ணெய் கசிந்து, துளையைச் சுருக்கும் மெல்லிய தகடுகளான அப்பர்ச்சர் பிளேடுகளில் ஏறும். ஆவியாகி அருகிலுள்ள கண்ணாடியிலும் படியும். எண்ணெய் படிந்த பிளேடுகள் ஒட்டிக்கொண்டு தாமதமாக மூடுவதால், ஷட்டர் திறக்கும்போது ஒளி கூடுதலாக நுழைந்து படம் வெளுத்துப்போகும். பிளேடுகளுக்கு எண்ணெயே கூடாது. லைட்டர் திரவத்தில் நனைத்த பஞ்சுக்குச்சியால் துடைத்து, உலர்ந்தபின் மறுபடி துடைக்க வேண்டும். ஒரே தடவையில் போகாது.

கண்ணாடிக்கு முதலில் தூசியை ஊதித் தள்ளும் புளோயர், பிறகு 99 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹால். திரவத்தை லென்ஸில் ஊற்றாமல் லென்ஸ் தாளில் விட்டு, நடுவிலிருந்து வெளியே சுழற்றித் துடையுங்கள். பூஞ்சைக்கு 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடும் உதவும். பூஞ்சை சுரக்கும் அமிலம் கண்ணாடியின் மேற்பூச்சான கோட்டிங்கை ஏற்கெனவே அரித்திருந்தால் அந்தத் தடம் போகாது. மரையைக் கழற்றுவதாக இருந்தால், அது பிரியும் இடத்தில் கட்டாயம் குறி போடுங்கள். தவறான புரியில் ஏற்றினால் தூரத்துக் காட்சி ஃபோகஸ் ஆகாது. சுத்தம் செய்த லென்ஸைத் தோல் உறையில் வைக்காமல், 40 முதல் 50 சதவீத ஈரப்பதமுள்ள டிரை கேபினெட்டில் (ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டியில்) வையுங்கள்.

மஞ்சளித்த கண்ணாடி அழுக்கல்ல. பென்டாக்ஸின் பழைய லென்ஸான சூப்பர் தகுமார் 50 மி.மீ. எஃப் 1.4-இன் ஏழு கண்ணாடி வகையில் தோரியம் என்ற கதிரியக்கத் தனிமம் கலந்திருக்கிறது. அதன் கதிர்வீச்சு ஆண்டுக்கணக்கில் கண்ணாடிக்குள் நிறத்தை உண்டாக்குகிறது. துடைத்தால் போகாது, புற ஊதா ஒளி பட்டால் தெளியும். வெயிலில் வைத்தால் கிரீஸ் இளகும் என்பதால் புற ஊதா எல்இடி விளக்கே மேல். லென்ஸின் ஒரு முனையில் அலுமினியத் தாளை வைத்து, மறுமுனையிலிருந்து சில நாட்கள் ஒளி படவிடுங்கள். எரியும் விளக்கை வெறுங்கண்ணால் பார்க்கக் கூடாது.