இதயம் காயப்படுவது ஐஸ் பெட்டிக்குள்ளா, வெளியே வந்த பிறகா?

"தஞ்சாவூரில் தானமாக எடுக்கும் இதயத்தை 4 மணி நேரத்துக்குள் சென்னையில் பொருத்தணும் என்கிறார்களே, ஐஸில்தானே இருக்கு, ஒரு நாள் தாங்காதா?" என்று மன்னார்குடி வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

தாங்காது. இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாயான பெருந்தமனியில் ரத்தத்தை நிறுத்தும் கிளாம்ப் (கவ்வி) போட்ட நொடியிலிருந்து கணக்கு ஓடும். திருச்சி விமான நிலையம், சென்னை, அங்கே தையலுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம், எல்லாம் அதற்குள் அடங்கணும். வெப்பம் 10 டிகிரி இறங்கினால் செல்லின் வேலை பாதியாகும், நின்றுவிடாது. ஐஸ் நேரடியாகப் பட்டால் தசை உறைந்து கெடும். அதனால்தான் குளிர்ந்த திரவத்தில் மிதக்கவிட்டு, ஒன்றுக்குள் ஒன்றாகப் பைகளில் கட்டுகிறார்கள்.

குளிரில், செல்லிலிருந்து சோடியத்தை வெளியேற்றும் பம்ப் முடங்கும். சோடியம் உள்ளே கசியும், பின்னாலேயே தண்ணீரும் கால்சியமும் ஏறும், செல் வீங்கும். மழைக்காலத்தில் கரண்ட் போய் மோட்டார் நின்ற சம்பா வயல் மாதிரிதான். வாய்க்காலிலேயே தண்ணீரை அடைத்துவிட்டால்? இதயத்தைக் குளிரில் காக்கச் செலுத்தும் எச்டிகே (HTK) திரவத்தின் தந்திரம் அதுதான். ரத்தத்தில் லிட்டருக்கு 140 மில்லிமோல் சோடியம் என்றால் இதில் வெறும் 15. சேரும் அமிலத்தை உறிஞ்ச ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் 198 மில்லிமோல். பெருந்தமனி வேர் வழியாக 6 முதல் 8 நிமிடம் நிதானமாகச் செலுத்தணும். இடது பக்கத்தைத் திறந்துவிட மறந்தால் இதயம் உப்பி, உள்சுவருக்குத் திரவம் போய்ச் சேராது.

இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்தும் சில இதயங்கள் பொருத்தியதும் தடுமாறும். ஏன்? ஆக்சிஜன் இல்லாத நேரத்தில் செல்லின் ஆற்றல் கூடமான மைட்டோகாண்ட்ரியாவில் சக்சினேட் என்ற எரிபொருள் குவிகிறது. குவிந்து கிடக்கும்வரை தொல்லை இல்லை. கிளாம்பை எடுத்து, சூடான ரத்தம் பாய்ந்ததும் சக்சினேட் டிஹைட்ரோஜினேஸ் என்ற நொதி அந்தக் குவியலைச் சில நிமிடங்களில் எரித்துத் தள்ளும். வரும் எலக்ட்ரான் வெள்ளத்துக்கு முன்னே வழி போதாது. அது பின்னோக்கித் திரும்பி மைட்டோகாண்ட்ரியாவில் எலக்ட்ரானைக் கடத்தும் சங்கிலியின் முதல் புரதக் கூட்டுக்குள் ஏறி, அங்கே ஆக்சிஜனோடு சேர்ந்து, செல்லைச் சேதப்படுத்தும் சூப்பர் ஆக்சைடு ஆகிறது. உள்ளே ஏறிய கால்சியமும் சேர்ந்தால் மைட்டோகாண்ட்ரியாவின் சவ்வில் துளை திறக்கும். அந்தச் செல் அவ்வளவுதான். சுண்டெலிகளில் இதை 2014-இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் காட்டினார்கள். குற்றவாளி குளிர் மட்டுமல்ல, திரும்பி வரும் ஆக்சிஜனும்தான் என்பது எனக்கு இன்னும் அலுக்காத விஷயம்.

அப்படியானால் மருந்து வைக்க வேண்டிய இடம் அந்த நொதி. மாலோனேட் என்ற வேதிப்பொருளின் உருவம் சக்சினேட்டை ஒத்தது. நொதி ஏமாந்து அதைப் பிடித்துக்கொள்ளும். நிரந்தரமாக அடைக்கத் தேவையில்லை, அடைக்கவும் கூடாது. சில நிமிடம் மறித்தால் போதும், குவிந்த சக்சினேட்டில் ஒரு பகுதி ரத்தத்தோடு கழுவிப் போய்விடும். இட்டகோனேட் என்ற இன்னொரு பொருளும் இதே நொதியைத்தான் மறிக்கிறது. இரண்டும் இன்னும் ஆராய்ச்சி நிலையில்.

8 டிகிரியில் ஆக்சிஜன் கலந்த திரவத்தைப் பம்ப் வைத்து ஓட்டிக்கொண்டே இருக்கும் இயந்திரமும் உண்டு. நல்ல வழிதான், ஆனால் விலை அதிகம். டெல்டாவுக்கு பாட்டிலில் வரும் திரவத்தின் முன்னேற்றமே உதவும் என்பது என் கட்சி. ஹிஸ்டிடினோ மாலோனேட்டோ அபூர்வச் சரக்கு இல்லை. பன்றி இதயத்தில் சோதித்துப் பார்க்க ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. பணம்தான் ஒதுக்கணும்.