கிரியாட்டினின் 0.4: சந்தோஷப்படுகிற எண்ணா?

"கிரியாட்டினின் நார்மலுக்கும் கீழ இருக்கு சார். கிட்னி சூப்பரா இருக்குன்னு லேப்ல சொன்னாங்க." ரிப்போர்ட்டை மேசையில் வைத்த மகனின் முகத்தில் நிம்மதி தெரிந்தது. அப்பா ஓய்வு பெற்ற ஆசிரியர். கொலஸ்ட்ராலும் குறைந்திருந்தது. ஆறு மாதத்தில் எடை 7 கிலோ இறங்கியிருந்தது. சர்க்கரைக்காகச் சோற்றைக் குறைத்ததன் பலன் என்று வீட்டில் நினைத்திருந்தார்கள். நான்கு மாதம் முன்புதான் பெரியவருக்கு மோட்டார் நியூரான் நோய் என்று உறுதியாகியிருந்தது. சர்க்கரை, இதயம், சிறுநீரகம் என்று நமக்குப் பழகிய நோய்களில் கிரியாட்டினின், கொலஸ்ட்ரால், எடை மூன்றும் குறைந்தால் கைகொடுத்துப் பாராட்டலாம். இந்த நோயில் கணக்கு தலைகீழ்.

மூளையிலிருந்தும் தண்டுவடத்திலிருந்தும் தசைகளுக்குக் கட்டளை கொண்டுபோகும் நரம்பணுக்கள் கொஞ்சம் கொஞ்சமாக அழிவதுதான் இந்த நோய். கட்டளை வராத தசை சூம்பிப்போகும். இதில் அதிகம் காணப்படும் வகை ஏஎல்எஸ். பிரெஞ்சு மருத்துவர் ஷார்கோ 1869இல் விவரித்தது. அறிகுறி தொடங்கியதிலிருந்து 2 முதல் 5 ஆண்டுகள் என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு. சுமார் பத்தில் ஒருவர் 10 ஆண்டுகளைத் தாண்டுகிறார். ஸ்டீபன் ஹாக்கிங்குக்கு 1963இல், 21 வயதில் நோய் தெரிந்தது. 2018 வரை வாழ்ந்தார். அவரைப் பற்றி என்னிடம் கேட்காத குடும்பமே இல்லை.

ஆரம்பத்தில் கட்டுக்கட்டாக ரத்தப் பரிசோதனை எழுதுகிறோமே, அது நோயைக் கண்டுபிடிக்க அல்ல. வேறு எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொள்ள. பி12 குறைபாடு, தைராய்டு மிகைச் சுரப்பு, செம்புச் சத்துக் குறைவு, எச்ஐவி என்று இதே மாதிரி வேடம் போடக்கூடியவை சில உண்டு. கை மட்டும் மெலிந்து வருபவர்களுக்கு நரம்பைத் தாக்கும் ஜிஎம்1 எதிர்ப்பொருள் ரத்தத்தில் இருக்கிறதா என்று பார்ப்போம். அது இருந்து, நரம்புப் பரிசோதனையும் ஒத்துவந்தால், இம்யூனோகுளோபுலின் ஊசியில் தேறக்கூடிய வேறொரு நோயாக இருக்கலாம். அப்படி ஒருவர் கிடைக்கும் நாள் எங்களுக்குத் தீபாவளி.

இளம் வயதுக்காரர் என்றால் இன்னும் நிதானம் வேண்டும். 1970இல் மீனாட்சிசுந்தரம், ஜெகந்நாதன், ராமமூர்த்தி ஆகியோர் சென்னையில் பார்த்த இளவயது நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். அந்த வகைக்கு 'மெட்ராஸ் மோட்டார் நியூரான் நோய்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. கை கால் மெலியும், முகமும் நாக்கும் பலவீனமாகும், பலருக்குக் காதும் கேட்காமல் போகும். ஆனால் மெதுவாகப் போகும் நோய் அது. இருபது வயதுப் பையனிடம் ஏஎல்எஸ் கணக்கைச் சொல்லி வீட்டையே உலுக்குவதற்கு முன், பெயரைச் சரியாக வைக்க வேண்டும்.

சரி, கிரியாட்டினினுக்கு வருவோம். அது தசையிலிருந்து வருகிற கழிவு. தசைக்குள் இருக்கும் கிரியாட்டின் என்ற பொருளில் ஒரு சிறு பங்கு தினமும் கிரியாட்டினினாக மாறி ரத்தத்துக்கு வருகிறது. சிறுநீரகம் அதை வெளியே தள்ளுகிறது. சிறுநீரகம் பழுதானால் எண் ஏறும் என்பது ஊரறிந்த விஷயம். தசையே கரைந்துபோனால் எண் இறங்கும் என்பதை யாரும் சொல்வதில்லை. ஆசிரியரின் 0.4 சிறுநீரகத்தின் பெருமை அல்ல, தொடையிலும் தோளிலும் சதை இல்லை என்பதற்கான கணக்குச் சீட்டு. இத்தாலியின் பீட்மாண்ட் பகுதியில் 600க்கும் மேற்பட்ட நோயாளிகளை வைத்து 2014இல் வந்த ஆய்வில், நோய் கண்டறியும்போதே கிரியாட்டினினும் ஆல்புமின் என்ற ரத்தப் புரதமும் குறைவாக இருந்தவர்களின் ஆயுள் குறைவாக இருந்தது. இதில் இன்னொரு சிக்கல், இவர்களுக்குச் சிறுநீரகம் நிஜமாகவே பழுதானாலும் எண் 'நார்மல்' என்றே காட்டும். மருந்தின் அளவை முடிவு செய்யும்போது சந்தேகம் வந்தால் தசையை அவ்வளவாகச் சார்ந்திராத சிஸ்டாட்டின் சி என்ற சிறுநீரகப் பரிசோதனையைப் பார்க்கச் சொல்வேன்.

சி.கே. என்ற தசை நொதி சற்றே ஏறியிருப்பது இந்த நோயில் சகஜம். ஏறினால் நல்லதா கெட்டதா என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. அதை வைத்து 'தசை நோய்' என்று மாதக்கணக்கில் ஸ்டீராய்டு சாப்பிட்டுவிட்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அவ்வளவுதான் அதைப் பற்றிச் சொல்ல இருக்கிறது.

எடையைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும். தசை கரைவதோடு, பலருக்கு உடல் சும்மா இருக்கும்போதே வழக்கத்தைவிட அதிக கலோரியை எரிக்கிறது. விழுங்கச் சிரமம், கையைத் தூக்கிச் சாப்பிடச் சிரமம், பிறருக்குப் பாரமாகிறோமே என்ற கூச்சம் எல்லாம் சேர்ந்து சாப்பாடு குறைகிறது. எடை வேகமாக இறங்குபவர்களுக்கு நோயும் வேகமாகப் போகிறது. கொழுப்பு விஷயம் அவ்வளவு தெளிவாக இல்லை. 2008இல் ஒரு பிரெஞ்சு ஆய்வு, நல்ல கொழுப்போடு ஒப்பிடக் கெட்ட கொழுப்பு அதிகம் உள்ளவர்கள் ஓராண்டுக்கும் மேல் கூடுதலாக வாழ்ந்ததாகச் சொன்னது. அடுத்த ஆண்டே இத்தாலியில் பார்த்தபோது ஆயுளோடு அந்தத் தொடர்பு தெரியவில்லை; மூச்சு பலவீனமானவர்களுக்குக் கொழுப்பு குறைவாக இருந்தது, அவ்வளவே. ஜெர்மனியில் 201 பேரை வைத்துக் கொழுப்பு மிகுந்த கூடுதல் உணவைச் சோதித்தார்கள். 2020இல் வெளியான முடிவில் மொத்தக் குழுவின் ஆயுள் கூடவில்லை, வேகமாக மோசமாகிறவர்களுக்கு மட்டும் ஓரளவு பலன் தெரிந்தது. ஆகவே கொலஸ்ட்ராலை வேண்டுமென்றே ஏற்றுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். பத்தியம் வேண்டாம் என்று உறுதியாகச் சொல்வேன். ஆசிரியருக்குச் சர்க்கரை மாத்திரையை மாற்றிக் கொடுத்துவிட்டு, பருப்பு சாதத்தில் நெய்யைத் திரும்பக் கொண்டுவரச் சொன்னேன். அவர் மனைவி என்னை நம்பாமல் பார்த்தார்.

இப்போது இணையத்தில் எல்லோரும் தேடிப் படித்துவிட்டு வந்து கேட்பது நியூரோஃபிலமென்ட் பரிசோதனையைப் பற்றி. நரம்பு இழையை ஒரு தேங்காய் நார்க் கயிறாக நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே முறுக்கிக் கிடக்கும் நார்தான் நியூரோஃபிலமென்ட் என்ற புரதம். கயிறு இற்றுப்போகும்போது நார் உதிர்கிறது; அது தண்டுவட நீருக்கும் அங்கிருந்து ரத்தத்துக்கும் வருகிறது. ரத்தத்தில் இருப்பது பிக்கோகிராம் கணக்கில், அதாவது ஒரு கிராமில் லட்சம் கோடியில் ஒரு பங்கு என்ற அளவில். நார் எவ்வளவு உதிர்கிறது என்பது கயிறு இப்போது எந்த வேகத்தில் இற்றுப்போகிறது என்பதைக் காட்டும். எவ்வளவு கயிறு மிச்சமிருக்கிறது என்பதைக் காட்டாது. கிரியாட்டினின் மிச்சத்தின் கணக்கு, நியூரோஃபிலமென்ட் வேகத்தின் கணக்கு. இரண்டையும் குழப்பிக்கொண்டால் ரிப்போர்ட் பயமுறுத்தத்தான் செய்யும். பக்கவாதம் வந்தாலும், வயது ஏறினாலும், சிறுநீரகம் பழுதானாலும் நியூரோஃபிலமென்ட் ஏறும் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

அந்தப் பரிசோதனையின் மதிப்பு ஆராய்ச்சியில் பெரியது. எஸ்ஓடி1 மரபணுவில் பிழை உள்ளவர்களுக்கான டோஃபர்சென் ஊசிக்கு 2023 ஏப்ரலில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு விரைவு அனுமதி கொடுத்தது, இந்தப் புரதம் ரத்தத்தில் குறைந்ததை ஆதாரமாக வைத்துத்தான். அந்தப் பிழை நோயாளிகளில் சுமார் 2 சதவீதத்தினருக்கு மட்டுமே. மற்றவர்களுக்கு நியூரோஃபிலமென்ட் எண் தெரிந்தால் என் மருந்துச் சீட்டில் ஒரு வரிகூட மாறாது. அதனால் கடன் வாங்கி அதைச் செய்ய வேண்டாம் என்று சொல்கிறேன்.

என் மருந்துச் சீட்டை மாற்றுகிற ரத்தப் பரிசோதனை வேறு. எந்த லேபிலும் சொற்பச் செலவில் செய்யும் எலக்ட்ரோலைட் ரிப்போர்ட்டின் கடைசி வரியில், யாரும் கவனிக்காமல் கிடக்கும் பைகார்பனேட். மூச்சுத் தசை தளரும்போது கரியமில வாயு, குறிப்பாக இரவில், உடலில் தேங்குகிறது. அதைச் சரிக்கட்டச் சிறுநீரகம் பைகார்பனேட்டைச் சேர்த்து வைக்கிறது, குளோரைடு இறங்குகிறது. பைகார்பனேட் 30ஐத் தாண்டி, காலையில் தலைவலி, பகலில் தூக்கம், நீட்டிப் படுக்க முடியாமை இவற்றில் ஒன்றும் சேர்ந்தால், அன்றே தமனி ரத்தத்தில் வாயு அளவைப் பார்த்து முகமூடி வழியாக மூச்சைத் தள்ளிக் கொடுக்கும் பைபாப் மிஷினைப் பற்றிப் பேசத் தொடங்குகிறேன். 2006இல் இங்கிலாந்தில் நடந்த சோதனையில், நாக்கும் தொண்டையும் ஓரளவு நன்றாக இருந்தவர்களுக்கு அந்த மிஷின் கூட்டிக்கொடுத்தது 205 நாட்கள். இந்த நோய்க்குக் கொடுக்கும் ரிலுசோல் மாத்திரையின் சோதனைகளில் கிடைத்தது இரண்டு மூன்று மாதம்.

கொரோனாவுக்குப் பிறகு பல வீடுகளில் விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் இருக்கிறது. அது 96 காட்டுகிறது என்று நிம்மதியாக இருக்கிறார்கள். அது கரியமில வாயுவைக் காட்டாது. ஆக்சிமீட்டர் எண் இறங்கியவுடன் வெறும் ஆக்சிஜன் சிலிண்டரை மாட்டிவிட்டு, நோயாளி மயக்கமாகிக் கொண்டுவந்த குடும்பம் உண்டு. மூச்சைத் தள்ளிக் கொடுக்காமல் ஆக்சிஜனை மட்டும் கொடுத்தால் வாயு இன்னும் தேங்கும்.

"எவ்வளவு நாள் டாக்டர்?" கேள்விக்கு இதெல்லாம் பதிலாகுமா? 2018இல் 14 ஐரோப்பிய மையங்களின் 11,475 நோயாளிகளை வைத்து ஒரு கணிப்பு முறையை உருவாக்கினார்கள். அதில் எடுத்துக்கொண்ட எட்டு விஷயங்களில் ரத்தத்திலிருந்து வருவது ஒரு மரபணு மட்டும். மற்றவை வயது, பேச்சு விழுங்குதலில் தொடங்கியதா, மூச்சின் அளவு, மோசமாகும் வேகம், மறதி நோய் கூட இருக்கிறதா என்பது போன்றவை. மிக வேகமான குழுவின் நடுக்கணக்கு, அதாவது பாதிப் பேர் தாண்டிய காலம், சுமார் 18 மாதம், மிக மெதுவான குழுவுக்கு 91 மாதம். நோயைக் கண்டுபிடிக்கத் தாமதமாவதும் அதில் ஒரு விஷயம். எதிர்பார்ப்பதற்கு மாறாக, தாமதமானவர்களே அதிக நாள் இருக்கிறார்கள், மெதுவாகப் போகும் நோய்தான் பிடிபடவும் நாளாகும் என்பதால். "ஒரு வருஷத்தை வீணாக்கிட்டோமே" என்று அழுகிறவர்களிடம் இதை நான் சொல்வதுண்டு.

ஆசிரியரின் மகனும் அந்தக் கேள்வியைக் கேட்டார். எதற்காகக் கேட்கிறீர்கள் என்றேன். தங்கைக்குத் தை மாதம் கல்யாணம் பேசியிருக்கிறது, அப்பா அப்போது எப்படி இருப்பார் என்றார். பைகார்பனேட் 29. மூன்று மாதம் முன்பு 26. பேச்சு இன்னும் தெளிவாக இருந்தது, ஆனால் அரை மணி நேரத்தில் களைத்துவிடுகிறார். தை வரை காத்திருக்க வேண்டாம் என்று சொன்னேன். ஆவணியில் மண்டபம் கிடைக்கவில்லை, கோயிலில் வைத்துக்கொண்டார்கள். பைபாப் மிஷின் புரட்டாசியில் வந்தது.