நிற்கும்போது வரும் ‘ஸ்ஸ்’ சத்தம்: பழைய கொம்பிரசரைச் சோதிக்கும் விதம்

கொழும்பின் பழைய உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் வாங்கிய, காற்றடிக்கும் பழைய கொம்பிரசர், கடையில் ஓடவிட்டுக் காட்டும்போது ஒரு குறையும் சொல்லாது. வீட்டு கராஜில் முதல் தடவை பிளக்கைக் குத்தினாலும் காற்றமுக்கத்தை 8 பார் (அமுக்கத்தின் அலகு) வரை ஏற்றிவிட்டு ஒழுங்காக நிற்கும். காரின் நான்கு சக்கரங்களுக்கும் காற்றடித்து, தாங்கியின் அமுக்கம் 6 பாருக்கு இறங்கி, மோட்டர் திரும்ப எழும்ப வேண்டிய நேரத்தில்தான் ‘ம்ம்ம்’ என்று உறுமிக்கொண்டு அசையாமல் கிடக்கும். சில வினாடியில் பிரேக்கர் விழும். “மோட்டர் எரிஞ்சு போச்சு” என்று பக்கத்தில் நிற்பவர் சொல்லிவிடுவார்.

வெறும் தாங்கியோடு சுகமாக எழும்பும் மோட்டர் பெரும்பாலும் எரிந்த மோட்டர் அல்ல. காற்று இருக்கும்போது மட்டும் எழும்பவில்லை என்றால் குற்றம் பெரும்பாலும் வால்வில் இருக்கிறது. மோட்டரைக் கழற்றி வைண்டிங் கடைக்குத் தூக்கிக்கொண்டு போகுமுன் காதைக் கொஞ்சம் கொடுங்கள்.

பிஸ்டன் தள்ளும் காற்று ஒரு செம்பு அல்லது அலுமினியக் குழாய் வழியாகத் தாங்கிக்குப் போகிறது. குழாய் தாங்கியில் நுழையும் இடத்திலுள்ள பித்தளைத் துண்டுதான் செக் வால்வு. அது காற்றை உள்ளே விடும், திரும்ப வெளியே விடாது. அங்கிருந்து பென்சில் தடிப்புக்கும் குறைந்த இன்னொரு குழாய் பிரஷர் சுவிட்சுக்கு ஏறும். அமுக்கம் 8 பாரைத் தொட்டதும் சுவிட்ச் கரண்டை வெட்டும். அதே அசைவிலேயே அடியிலுள்ள ஒரு சிறு ஊசியை அமத்தி, பம்புக்கும் செக் வால்வுக்கும் இடையில் சிக்கிய காற்றைத் திறந்துவிடும். அன்லோடர் என்பது இந்த ஊசி வால்வைத்தான். வீட்டு மின்சாரத்தில் ஓடும் ஒற்றைக் கட்ட மோட்டர் எழும்பும் கணத்தில் வலுக்குறைந்தது. பிஸ்டனின் தலையில் 6 பார் அமர்ந்திருந்தால் அதனால் முதல் சுற்றைச் சுற்ற முடியாது. அந்தப் பாரத்தை இறக்கிவைப்பதே அன்லோடரின் வேலை.

ஆகவே மோட்டர் நிற்கும் கணத்தைக் கவனியுங்கள். ‘ஸ்ஸ்’ என்று ஓரிரு வினாடி கேட்டு அடங்கினால் இரண்டு வால்வும் நலம். சத்தமே வரவில்லை என்றால் ஊசி இறுகிவிட்டது, அல்லது சிறு குழாய் அடைபட்டிருக்கிறது. சத்தம் அடங்காமல் நிமிடக்கணக்கில் தொடர்ந்து, அமுக்கமானியின் முள்ளும் இறங்கிக்கொண்டே போனால் செக் வால்வு மூடவில்லை. தாங்கியின் காற்று முழுவதும் பின்வழியாகப் போகிறது. இங்கே பலர் பிரஷர் சுவிட்சை மாற்றிக் காசை வீணாக்குகிறார்கள், காற்று வருவது சுவிட்சின் அடியிலிருந்து என்பதால். ஓடும்போதே அங்கு காற்று கசிந்தால் மட்டும் அன்லோடரைச் சந்தேகியுங்கள். வாங்கும்போதும் இதுவே சோதனை: தாங்கி நிரம்பி நின்ற பிறகு சிறிது காற்றைத் திறந்துவிட்டு, இரண்டாவது தடவை எழும்பும் வரை கடையை விட்டு நகராதீர்கள்.

செக் வால்வைத் துப்பரவாக்க அரை மணித்தியாலம் போதும். பிளக்கைக் கழற்றி, மானி பூச்சியத்துக்கு வரும்வரை காற்றை விடுங்கள். மானி பொய் சொல்லவும் கூடும். அடியிலுள்ள வடிகால் திருகையும் திறந்து, மூச்சு நின்றதை உறுதிசெய்யுங்கள். குழாய் நட்டுகளைத் தளர்த்திப் பித்தளை வால்வைத் திருகி எடுங்கள். உள்ளே ஒரு ஸ்பிரிங்கும் பொத்தான் அளவு இறப்பர் வட்டும் இருக்கும். வட்டில் நகத்தால் தடவினால் தட்டுப்படும் வளையப் பள்ளமோ, அமரும் விளிம்பில் கரிப் பொருக்கோ தெரியும். கரியை மண்ணெண்ணெயில் கழுவலாம். இறுகிப்போன வட்டைத் திருப்பிப் போட்டுச் சமாளிக்காமல் வால்வையே மாற்றுங்கள். பழையதைக் கையில் கொண்டுபோனால் பழைய சோனகத் தெருக் கடைகளில் புரி அளவு பார்த்து வாங்க வசதி. பூட்டும்போது தாங்கிக்குள் போகும் புரிக்கு மூன்று சுற்று த்ரெட் டேப். குழாய் நட்டுகளுக்கு வேண்டாம்.

அந்தக் கரி பெரும்பாலும் ஒயிலின் வேலை. கார் எஞ்சின் ஒயிலில் உள்ள கழுவு சேர்மானம் சூடான வால்வுகளில் கரியாகப் படியும், தண்ணீரையும் கலந்து பிடித்து வைத்துக்கொள்ளும். நமது வெக்கைக்கு 100 தர கொம்பிரசர் ஒயில் பொருத்தம். ஒயில் மட்டம் காட்டும் கண்ணாடியின் சிவப்புப் பொட்டு மட்டத்துக்கு மேல் ஊற்றாதீர்கள்.

வெறும் தாங்கியோடும் உறுமினால் கதை வேறு. பிளக்கைக் கழற்றிக் கப்பியைக் கையால் சுற்றிப் பாருங்கள். சுற்றினால் அடுத்த சந்தேகம் மோட்டர் எழும்ப உதவும் கப்பாசிட்டர். 10,000 ஓம் மின்தடை ஒன்றை அதன் இரு முனைகளிலும் அரை நிமிடம் வைத்து மின்னேற்றத்தை வடித்த பிறகே தொடுங்கள். வயிறு உப்பியிருந்தாலோ, அளந்த மைக்ரோபராட் (கப்பாசிட்டரின் கொள்ளளவு) அதன் உடலில் எழுதிய எல்லைக்குக் கீழே போனாலோ மாற்றுங்கள். மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயரும் இதே உறுமலைத் தரும். 2 குதிரைவலு மோட்டர் எழும்பும்போது 40 அம்பியர் அளவு இழுக்கும். 0.75 சதுர மில்லிமீற்றர் வயர் 25 மீற்றர் நீண்டால் வழியிலேயே சுமார் 40 வோல்ட் போய்விடும். சுழற்றும் வலு வோல்டேஜின் வர்க்கத்தோடு குறைவதால் மூன்றில் ஒரு பங்கு அளவு இழப்பு. வயரை நீட்டாமல் காற்றுக் குழாயை நீட்டுங்கள். பழைய வீடுகளின் 5 அம்பியர் வட்டத்துளைப் பிளக்கில் அடப்டர் போட்டுக் குத்தவே வேண்டாம். ஜப்பானிலிருந்து வந்த இயந்திரமானால் முதலில் பெயர்த்தகட்டைப் பாருங்கள். அங்கே வீட்டு மின்சாரம் 100 வோல்ட், இங்கே 230.

மோட்டர் ஓடுகிறது, காற்றுத்தான் ஏறவில்லை என்றால் மணிக்கூட்டை எடுங்கள். 50 லீற்றர் தாங்கி பூச்சியத்திலிருந்து 8 பாருக்குப் போவதென்றால் 400 லீற்றர் வெளிக்காற்று உள்ளே போயிருக்கிறது. 4 நிமிடம் எடுத்தால் நிமிடத்துக்கு 100 லீற்றர். தகட்டில் எழுதியிருப்பது பிஸ்டன் வாரும் கணக்கு, கைக்கு வருவது எப்போதும் அதைவிடக் குறைவு. பாதிக்கும் கீழே போனால் வடிகட்டியைக் கழற்றிவிட்டு உறிஞ்சும் வாயில் உள்ளங்கையைப் பிடியுங்கள். காற்று உள்ளே இழுபடுவதோடு திரும்பவும் கையில் ஊதினால் உறிஞ்சு தகட்டு வால்வு மூடவில்லை. ஒயில் மூடியின் துவாரத்தால் புகைபோல் ஊதினால் பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது.

நிரப்பி நிறுத்திய பின் முள் கொஞ்சம் இறங்குவதைக் கண்டு உடனே சவர்க்காரத் தண்ணீரோடு ஓடவேண்டியதில்லை. உள்ளே 45 பாகையில் இருக்கும் காற்று 30 பாகைக்கு ஆறினாலே ஏறத்தாழ 0.4 பார் குறையும். ஆறவிட்டு, அதன் பிறகும் இறங்கினால் மட்டும் ஒழுக்கைத் தேடுங்கள்.

மிகுந்த கவனம் தாங்கிக்குத்தான். கொழும்பில் 30 பாகையும் 80 வீத ஈரப்பதனும் உள்ள ஒரு நாளில் ஒரு கன மீற்றர் காற்றில் சுமார் 24 கிராம் தண்ணீர் ஆவியாக இருக்கிறது. 400 லீற்றரை 50 லீற்றருக்குள் திணித்தால் அதில் 8 கிராமளவு ஆவியாக நிற்க இடமில்லாமல் தண்ணீராக விழும். ஒவ்வொரு முழு நிரப்பலுக்கும் ஒன்றரைத் தேக்கரண்டி, அதுவும் தாங்கியின் அடியில், கண்ணில் படாத இடத்தில். வேலை முடிந்ததும் வடிகாலைத் திறந்து அப்படியே விட்டுவிடுங்கள். வடியும் தண்ணீர் பால்போல் இருந்தால் ஒயில் கலந்திருக்கிறது. செங்கறள் செதிலாக வந்தால், டோர்ச்சும் சுத்தியலின் மரப்பிடியும் எடுத்து, காற்றில்லாத தாங்கியின் அடிப்பக்கத்தைத் தட்டிப் பாருங்கள். கணீரென்ற சத்தம் ஓரிடத்தில் மந்தமானால், அல்லது பெயின்ற் கொப்பளித்திருந்தால், அந்தத் தாங்கி முடிந்தது. 30 சென்ரிமீற்றர் விட்டமுள்ள அதன் மூடியை 8 பார் காற்று ஏறத்தாழ ஐந்தே முக்கால் தொன் பாரத்தோடு வெளியே தள்ளுகிறது. துவாரத்தை வெல்டிங் பண்ணி அடைப்பதும், ஒழுகும் சேஃப்டி வால்வைக் கழற்றிப் பொல்ட் அடிப்பதும் உயிருக்கே ஆபத்து. பம்பையும் மோட்டரையும் கழற்றி நல்ல தாங்கியொன்றில் பூட்டுங்கள். பழையதைப் பழைய இரும்புக் கடைக்குக் கொடுக்குமுன் நடுவே பெரிய துளை ஒன்று போட்டுவிடுங்கள், வேறொருவர் பெயின்ற் அடித்துத் திரும்ப விற்க முடியாதபடி.