மருமகளை மட்டும் கூட்டி வராதீர்கள்

குழந்தை உண்டாகவில்லை என்று இந்த வாரமும் ஒரு பெண் கனத்த ஃபைலோடு வந்தாள். ஹார்மோன் டெஸ்ட், ஸ்கேன், கருக்குழாய் அடைப்புக்கு எக்ஸ்ரே, எல்லாமே நார்மல். வீட்டுக்காரருக்கு விந்துப் பரிசோதனை எடுத்தீர்களா என்றேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "என் பையனுக்கு ஒரு குறையும் இல்ல டாக்டரம்மா" என்று மாமியார் பதில் சொன்னார். ரங்கூன் தமிழ்க் குடும்பங்களில் இதைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது.

கரு உண்டாகாத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஆண் பக்கத்திலும் காரணம் இருக்கிறது. சிலருக்கு அது ஒன்றுதான் காரணம்.

"தாம்பத்தியத்தில் குறையில்லை, அப்புறம் எனக்கெதற்கு டெஸ்ட்?" என்று கேட்கும் தம்பிகளே, தாம்பத்தியம் வேறு, கரு உண்டாக்கும் திறன் வேறு. ஆண் ஹார்மோனைச் சுரப்பதும் உயிரணுவை (விந்தணுவை) உண்டாக்குவதும் விரையில் தனித்தனி செல்கள் பார்க்கும் வேலை. ஒன்று சரியாக நடந்து மற்றது நின்றுபோயிருக்கலாம். வெளிவரும் திரவத்தில் பெரும்பகுதி விந்துப்பையிலும் புராஸ்டேட்டிலும் சுரப்பது. உயிரணுவின் பங்கு மிகச் சொற்பம். குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்ட ஆணுக்கும் ஆசை இருக்கும், திரவமும் வரும், உயிரணு மட்டும் இராது. கண்ணால் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. மைக்ராஸ்கோப்தான் சொல்லும்.

இத்தனைக்கும் இது ஊசி கிடையாது, மயக்க மருந்து கிடையாது. இரண்டு முதல் ஏழு நாள் தாம்பத்தியத்திலிருந்து விலகியிருந்து, லேபிலேயே சாம்பிள் கொடுங்கள். வீட்டில் எடுத்தால் ஒரு மணி நேரத்துக்குள் சேர வேண்டும். இந்த டிராஃபிக்கில் அது நடக்காது. சாதாரண ஆணுறையில் பிடித்து வராதீர்கள். ரிசல்ட் சரியில்லை என்றால் உடைந்துபோக வேண்டாம், மறுபடி ஒருமுறை பார்ப்போம். உயிரணு உருவாகி முதிர இரண்டரை மாதத்துக்கு மேல் ஆகும். டெங்கு மாதிரிக் கடுங்காய்ச்சல் வந்து போயிருந்தால் அதன் பாதிப்பு அத்தனை நாள் தெரியும்.

சிகரெட்டை விடுங்கள். வெற்றிலையோடு மெல்லும் புகையிலையும் புகையிலைதான். ஜிம்மில் யாரோ சொன்னார்கள் என்று டெஸ்டோஸ்டிரோன் ஊசி போடாதீர்கள், அது உயிரணு உற்பத்தியையே நிறுத்திவிடும். லுங்கி கட்டுவது நல்லதுதான், தொடருங்கள்.

பெண்களுக்கு: முட்டை வெளியாவது அடுத்த மாதவிலக்குக்கு ஏறத்தாழ 14 நாள் முன்பு. எல்லோருக்கும் 14ஆம் நாள் என்று எண்ணாதீர்கள். அந்த நாளும் அதற்கு முந்தைய ஐந்து நாட்களும்தான் வாய்ப்பு. ஒரு நாள் விட்டு ஒரு நாள் சேர்ந்தால் போதும். 400 மைக்ரோகிராம் ஃபோலிக் ஆசிட்டை இப்போதே ஆரம்பியுங்கள். முட்டை வளர்க்கும் மாத்திரையை நீங்களாகக் கடையில் வாங்காதீர்கள். முன்பு காசநோய் வந்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். கருக்குழாயை அடைக்கும் நோய் அது, நம் நாட்டில் அது அதிகம்.

சேர்ந்து வாழ்ந்து ஒரு வருடமாகியும் உண்டாகவில்லை என்றால் வாருங்கள். 35 வயது தாண்டியிருந்தால் ஆறு மாதம் போதும். கணவர் கப்பலிலோ மலேசியாவிலோ இருந்த மாதங்களை அதில் சேர்க்காதீர்கள். "கல்யாணமாகி மூணு வருஷம்" என்று அந்தப் பெண்ணைக் கரித்துக்கொட்டும் அத்தைமார்களே, உங்கள் மகன் அதில் எத்தனை மாதம் வீட்டிலிருந்தார்? அவர் லீவில் வந்திறங்கிய முதல் வாரமே லேபுக்கு அனுப்புங்கள். திரும்பப் புறப்படும் முன் மறுபரிசோதனைக்கும் நாள் இருக்கும்.