ஊரில் முறை, சட்டத்தில் குற்றம்: இரத்த உறவுத் தடை நாட்டுக்கு நாடு எப்படி மாறுகிறது?

கலியாணப் பேச்சு எடுத்தால் திருகோணமலையில் முதலில் பார்ப்பது முறை. மாமன் மகள் என்றால் மச்சாள், பேசலாம். சித்தப்பா மகள் என்றால் தங்கச்சி, அந்தப் பேச்சுக்கே இடமில்லை. சட்டத்தின் கணக்கு வேறு. இலங்கையின் பொதுச் சட்டத்தில் மச்சாளும் ஒன்றுவிட்ட தங்கையும் ஒன்றுதான். இருவரில் யாரை முடித்தாலும் தடையில்லை. ஆனால் சொந்த அக்காவின் மகளை முடிக்க முடியாது.

விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு அப்படிப்பட்ட திருமணத்தைச் செல்லாது என்கிறது. 1995ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் தண்டனைச் சட்டக்கோவையில் சேர்த்த 364அ பிரிவு இன்னும் கடுமையானது. பெற்றோர்–பிள்ளை, பாட்டன்–பேத்தி, உடன்பிறந்தோர், தாயோ தகப்பனோ மட்டும் பொதுவான சகோதரங்கள், ஒருவரும் அவருடைய சகோதரங்களின் பிள்ளைகளும், மனைவிக்கு வேறொருவர் மூலம் பிறந்த மகள், மகனுடைய விதவை எல்லோரும் அதில் அடக்கம். தத்துப்பிள்ளையும் சொந்தப் பிள்ளைதான். இவர்களுக்கிடையே உடலுறவு நடந்தால் 7 முதல் 20 ஆண்டு வரை கடூழியச் சிறையும் தண்டப்பணமும். "எங்கட வழக்கம்" என்று சொல்லித் தப்ப அந்தப் பிரிவில் விதிவிலக்கு எதுவும் இல்லை.

தமிழ்நாட்டு நிலைமை வேறாக இருப்பதால்தான் குழப்பம் வருகிறது. இந்தியாவின் 1955ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டமும் மாமன்–மருமகள் (தாய்மாமனும் அக்கா மகளும்) உறவைத் தடைப்பட்டியலில்தான் வைத்திருக்கிறது. ஆனால் வழக்கம் அனுமதித்தால் செல்லும் என்கிறது; அங்கே தாய்மாமன் திருமணங்கள் நிற்பது அந்த வாசகத்தில்தான். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டத்திலும் வயது வந்தோருக்கிடையிலான தகாப் புணர்ச்சி (நெருங்கிய உறவினருக்கிடையிலான உடலுறவு) என்று தனிக் குற்றம் இல்லை. தமிழ்நாட்டு அகதி முகாம்களில் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்து சம்பூருக்கும் குச்சவெளிக்கும் திரும்பிய குடும்பத்தில் இப்படியொரு திருமணம் இருந்தால், இங்கே மறுபடி பதிவு செய்யப் போவதற்கு முன் ஒரு சட்டத்தரணியைக் கட்டாயம் பாருங்கள். உறவை மறைத்து விவாகப் பதிவாளரிடம் பொய் அறிவித்தல் கொடுப்பது இரண்டாவது சிக்கலை இழுத்துவிடும்.

கிண்ணியா, மூதூர் முஸ்லிம் குடும்பங்களுக்கு 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் பொருந்தும். ஒரே தாயிடம் பால் குடித்தவர்கள் மணம் முடிப்பதற்கு இஸ்லாமியச் சட்டத்தில் தடை உண்டு. பொதுச் சட்டம் அதைப் பற்றிப் பேசுவதே இல்லை.

வெளிநாட்டு மாப்பிள்ளை என்றால் அந்த நாட்டின் பட்டியலையும் பார்க்க வேண்டும். இங்கிலாந்தில் மச்சாளை முடிக்கலாம். மாமன்–மருமகள் முடியாது; துணைவர் விசாவும் அதே காரணத்தால் நிராகரிக்கப்படும். அங்கே வயது வந்த இரத்த உறவினருக்கிடையிலான உடலுறவுக்கு உச்சத் தண்டனை 2 ஆண்டு. கனடாவில் உச்சம் 14 ஆண்டு, ஆனால் மாமன்–மருமகள் அந்தக் குற்றப் பட்டியலில் இல்லை. பிரான்சில் வயது வந்தோர் சம்மதித்தால் குற்றமில்லை. அதற்காகத் திருமணம் செய்ய முடியும் என்று பொருளல்ல. ஜெர்மனியில் சகோதரங்களுக்கிடையே குற்றம். 2012இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் அந்தச் சட்டத்தை ஏற்றது. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்திலோ மச்சான்–மச்சாள் உடலுறவே சிறைக்குரிய குற்றம். ஆகவே எங்கே பதிவு, பிறகு எங்கே குடியிருப்பு என்ற இரண்டையும் பேச்சுக்காலிலேயே கேளுங்கள்.

வீட்டுக்குள் பிள்ளைக்கு நடக்கும் கொடுமையில் இந்தப் பட்டியல் வேறுவிதமாக இடறும். சித்தியின் புருஷன் 364அ பட்டியலில் இல்லை. "அப்ப வழக்கு இல்லை" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 16 வயதுக்குட்பட்ட பெண்பிள்ளையுடன் உடலுறவு என்றால் சம்மதம் இருந்தாலும் வன்புணர்வு. செய்தவர் பட்டியலிலுள்ள உறவினர் என்றால் ஆகக் குறைந்தது 15 ஆண்டு. உடலுறவுக்குக் குறைந்த செயல்களுக்குப் பாரதூரமான பாலியல் துஷ்பிரயோகம் என்ற 365ஆ பிரிவு இருக்கிறது. ஆண்பிள்ளைக்கும் அது பொருந்தும்.

364அ பிரிவில் வழக்குத் தொடரச் சட்டமா அதிபரின் எழுத்து மூல அனுமதி வேண்டும். முறைப்பாடு கொடுக்க அது தேவையில்லை. இந்த இடத்தில் குழம்பி வீட்டுக்குத் திரும்பும் தாய்மார் உண்டு. மத்தியஸ்த சபைக்கோ ஊர்ப் பெரியவர்களிடமோ இதைக் கொண்டுபோகாதீர்கள். சமாதானம் பேசித் தீர்க்கும் குற்றமல்ல இது. பேச்சு நடக்கும் நாட்களில் தடயம்தான் அழியும்.

பிள்ளையைக் குளிப்பாட்ட வேண்டாம். உடுப்பைத் தோய்க்காமல் கடதாசிப் பையில் போடுங்கள். பொலித்தீனில் ஈரம் தங்கிப் பூஞ்சணம் பிடித்துவிடும். என்ன நடந்தது என்று வீட்டில் ஆளாளுக்குத் திரும்பத் திரும்பக் கேட்காதீர்கள், பிறகு பிள்ளைதான் நீதிமன்றத்தில் சொல்லிக்கொடுத்த சாட்சி என்று குறுக்கு விசாரணையில் அடிபடும். பொலிஸ் நிலையத்தின் சிறுவர், மகளிர் பிரிவில் முறைப்பாடு, அதன்பின் ஆஸ்பத்திரியில் சட்ட வைத்திய அதிகாரியின் பரிசோதனை. நாட்கள் கடந்துவிட்டாலும் போங்கள். பிள்ளை கர்ப்பமாகியிருந்தால் இன்னும் தாமதிக்காதீர்கள்: தாயின் உயிரைக் காப்பதற்கு மட்டுமே இலங்கையில் கருக்கலைப்புக்கு இடமுண்டு, தகாப் புணர்ச்சிக்கு விலக்கு இல்லை. களவாகக் கலைக்கப் போனால் பிள்ளையின் உயிருக்கும் ஆபத்து, வழக்குக்கான மரபணுச் சான்றும் போய்விடும்.

பொலிசுக்குப் போகத் தயங்கினால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைக்கலாம், கட்டணமில்லை. அயலவரும் ஆசிரியரும்கூட அழைக்கலாம்.